இரண்டு எடைச் சீட்டும் ஒரு நேர்க்கோடும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் தேங்காய் லாரிகள் போகின்றன. அப்படி ஒரு லாரியின் இரண்டு எடைச் சீட்டுகள் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2000 காய் ஏற்றியபோது மொத்த எடை 4200 கிலோ. 5000 காய் ஏற்றியபோது 6000 கிலோ. காலி லாரியின் எடை என்ன? லாரியை மறுபடி எடைமேடையில் ஏற்றாமலே சொல்லிவிடலாம். எல்லாக் காயும் ஒரே எடை என்று கொள்கிறேன். தேங்காய் வியாபாரிகள் மன்னிக்கவும்.

முதலில் பெயர் வைப்போம். காய்களின் எண்ணிக்கை 'தே', மொத்த எடை 'எ'. பாடநூலில் இவை எக்ஸ், ஒய் என்று இருக்கும். தெரியாத அளவுகளுக்கு அந்த எழுத்துகளை வைக்கும் வழக்கம் 1637இல் ரெனே டெகார்ட் வெளியிட்ட நூலால் பரவியது. 'தே' என்று எழுதினாலும் விடை மாறாது.

இப்போது நம்மிடம் இரண்டு புள்ளிகள்: (2000, 4200), (5000, 6000). வரைபடத்தாளில் குறித்து அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குத்தான் சமன்பாடு தேடுகிறோம்.

அடுத்து சாய்வு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத்தில் இதைச் 'சரிவு' என்று கேட்டிருப்பார்கள், பொருள் ஒன்றுதான். எடை எவ்வளவு கூடியது, அதற்குக் காய் எவ்வளவு கூடியது என்று பார்த்து வகுக்க வேண்டும்.

சாய்வு = (6000 − 4200) ÷ (5000 − 2000) = 1800 ÷ 3000 = 0.6

அதாவது ஒரு காய் 600 கிராம். சாய்வு என்றால் வெறும் எண் என்று நினைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பைக் கடந்தவர்கள் பலர், நானும் அப்படித்தான். இங்கே அது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு தேங்காய்.

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மேலே 6000 − 4200 என்று எழுதிவிட்டுக் கீழே 2000 − 5000 என்று மாற்றி எழுதிவிடுவார்கள். விடை −0.6 என்று வரும். காய் ஏற ஏற லாரி இலேசாகிறது என்று அதற்குப் பொருள்! எந்தச் சீட்டிலிருந்து கழிக்கத் தொடங்கினாலும் சரி, மேலும் கீழும் அதே வரிசையில் கழியுங்கள். இரண்டு சீட்டிலும் காய் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும். அப்போது வேறு சீட்டு தேடுங்கள்.

மிச்சம் வெட்டுத்துண்டு, அதாவது காயே இல்லாதபோது வரும் எடை. 2000 காயின் எடை 0.6 × 2000 = 1200 கிலோ. 4200இலிருந்து அதைக் கழித்தால் 3000. காலி லாரி மூன்று டன்.

எ = 0.6 தே + 3000

தேர்வில் தசமமில்லாமல் கேட்டால் 5ஆல் பெருக்கி எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: 3தே − 5எ + 15000 = 0. கோடு அதேதான்.

சரிபார்க்க, வெட்டுத்துண்டு காணப் பயன்படுத்தாத மற்றச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.6 × 5000 + 3000 = 6000. சரி.

இனி 3500 காய் ஏற்றிய நாளின் எடையை நீங்களே போடுங்கள். 5100 கிலோ வர வேண்டும். அன்றைய சீட்டில் 5400 என்று இருந்தால் சமன்பாட்டைத் திட்டாதீர்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள்.