குழுவாகக் குறும்படம் எடுக்கப்போகிறீர்களா? கதை பிடிக்கும் முதல் மாலை

ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து "என்ன கதை எடுக்கலாம்?" என்று பேசத் தொடங்கினால், முதலில் வாய் திறந்தவரின் கதைதான் பெரும்பாலும் படமாகிறது. மற்ற நால்வர் மனத்தில் இருந்தது வெளியே வராமலே போய்விடுகிறது. மாணவர் படங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். அதனால் இங்கே முதல் அரைமணி நேரம் பேச்சே கிடையாது. ஆளுக்கு இருபது துண்டுத்தாள், ஒரு பேனா, பொதுவாக ஒரு கடிகாரம் போதும்.

படி 1: கையில் இருப்பதை எழுதுங்கள் (20 நிமிடம்)

கதையை இப்போது தேடாதீர்கள். அனுமதி கிடைக்கக்கூடிய இடங்கள், நடிக்கச் சம்மதிப்பவர்கள், வீட்டில் கிடக்கும் பொருள்கள் ஆகியவற்றைத் தாளுக்கு ஒன்றாக எழுதுங்கள். "கடை" என்றால் பயனில்லை. "மாமாவின் ஜெராக்ஸ் கடை, ஞாயிறு விடுமுறை, சாவி கிடைக்கும்" என்றால் அது பாதிக் கதை. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 1992இல் வெளிவந்த தன் முதல் முழுநீளப் படமான 'எல் மரியாச்சி'யைச் சுமார் 7,000 டாலரில் முடித்தார். கைவசம் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துவிட்டு, அதற்கேற்பக் கதை எழுதியதால்தான் அது முடிந்தது.

படி 2: தனித்தனியே யோசியுங்கள் (10 நிமிடம்)

குழுவாக யோசிக்கும் முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். குறை சொல்லாதீர்கள், நிறையச் சொல்லுங்கள், விபரீதமானதையும் வரவேற்றுக்கொள்ளுங்கள், ஒன்றோடொன்று சேருங்கள் என்பவை அவர் விதிகள். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, தனித்தனியே யோசித்தவர்களின் எண்ணங்களைச் சேர்த்தால், கூடிப் பேசியவர்களுடையதைவிட அதிகமாக இருந்தன. ஆகவே மனத்தில் தோன்றும் கதை எண்ணங்களை முதலில் தனியாக எழுதுங்கள். ஆஸ்போர்னின் விதிகள் அடுத்த படிக்கு.

படி 3: வாசியுங்கள், கோத்துப் பாருங்கள்

எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக உரக்க வாசியுங்கள். "இது ஏற்கெனவே வந்துவிட்டது" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் கூச்ச சுபாவமுள்ளவரை மாலை முழுக்க மௌனமாக்கிவிடும்.

பிறகு ஏதாவது மூன்று தாள்களை எடுங்கள். ஜெராக்ஸ் கடை. நடிக்கத் தயாராக இருக்கும் தாத்தா. பரணில் கிடக்கும் பழைய கடிதக் கட்டு. இவை சேர்ந்தால் என்ன நடக்கும்? தாத்தா ஒரு கடிதத்தை நீட்டி, "படிக்காமல் நகல் எடுத்துக் கொடு, தம்பி" என்கிறார். இயந்திரத்தின் வெளிச்சம் எழுத்துகளின் மேல் நகர்கிறது. முதல் வரியிலேயே பையனின் கண் நின்றுவிடுகிறது. எந்தத் தாளிலும் இல்லாத காட்சி இது. யாருடையது என்று கேட்டால் மூவருமே கைதூக்கலாம். இந்தப் படிக்கு ஒரு மணி நேரமானாலும் அவசரப்படாதீர்கள்.

படி 4: ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது? "தாத்தா கடிதத்தை யாருக்கும் தெரியாமல் நகலெடுக்க வேண்டும், கடைப் பையன் படித்துவிடுகிறான்." இப்படிச் சொல்ல வந்தால் கதை இருக்கிறது. "முதுமையின் தனிமை பற்றிய படம்" என்றுதான் சொல்ல வருகிறது என்றால், கையில் இருப்பது தலைப்பு மட்டுமே.

படி 5: சல்லடையில் போடுங்கள்

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஐந்து நிமிடப் படத்துக்கு ஐந்து பக்கம், இரண்டு இடம், மூன்று நடிகர் என்பது என் அளவு. இரவுக் காட்சியையும் வாகன இரைச்சல் மிகுந்த சாலையில் பேசும் வசனத்தையும் முதல் படத்தில் தவிர்த்துவிடுங்கள்; வெளிச்சமும் ஒலியும் உங்களைத் தோற்கடித்துவிடும்.

மிஞ்சியவற்றில் ஆளுக்கு மூன்று புள்ளி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்ற தாள்களை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். படப்பிடிப்பன்று கடைச் சாவி கிடைக்கவில்லை என்றால், முதலில் பிரிக்க வேண்டியது அந்த உறையைத்தான்.