61 நாட்களில் தொடங்கும் தெற்காசிய வாசிப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகள் 61 நாட்கள் ஓய்ந்து நிற்கின்றன. படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும் வண்ணம் அடிப்பதும் நடந்தாலும், நள்ளிரவில் எழுந்து கடலுக்கு ஆளனுப்பும் வேலை அந்நாட்களில் வீட்டுக்கு இல்லை. தெற்காசிய இலக்கியத்தை முறையாக வாசிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டே இருப்பவர்கள் தொடங்குவதற்கு இதைவிட ஏற்ற காலத்தை நான் கண்டதில்லை. ஒரு நாளுக்கு 20 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 61 நாட்களில் 1,220 பக்கம் ஆகிறது. நடுத்தர அளவில் நான்கு நாவல்களை நிதானமாக முடித்துவிடலாம்.

சவால் என்றதும் பலரும் பெரிய எண்ணிக்கையை எழுதிவைத்துவிட்டு இரண்டாம் மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள். நாட்டுக்கு ஒரு நூல் என்று எட்டு நாடுகளையும் வரிசையாக எழுதிக்கொள்வதும் சிக்கலில் கொண்டுபோய் விடும், ஏனெனில் கைக்குக் கிடைக்காத ஒரு நூலுக்காக மற்ற ஏழும் காத்துக் கிடக்கும். எண்ணிக்கையையும் நாட்டையும் விட்டுவிட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஐந்து மொழிகளிலிருந்து ஐந்து நூல்கள் போதும். அவற்றை ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. மலையாளமும் வங்காளமும் உருதும் சிங்களமும் நல்ல தமிழில் நமக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

தொடக்கம் எதிர்க்கரையான இலங்கையாக இருக்கட்டும். 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழகத் தொழிலாளர்கள் பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட பிறகே கடலைக் கடந்தார்கள். எனவே இலங்கை இலக்கியம் நம் குடும்பக் கதையின் மறுபாதி என்றே நான் கருதுகிறேன். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கரையில் நடக்கும் மீனவர் கதை. கச்சத்தீவைத் தாண்டினால் நெடுந்தீவு. காற்றின் பெயரைக்கூட நமக்கு விளக்க வேண்டிய தேவை இல்லாத நாவல் அது. மலையகத்துக்குத் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’. இவ்விரண்டும் தமிழிலேயே எழுதப்பட்டவை என்பதால் ஐந்து மொழிகளில் தமிழுக்கு உரியதாக இவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அடுத்ததாகச் சிங்களத்துக்கு வாருங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய ‘கம்பெரலிய’, எம்.எம். உவைஸின் மொழிபெயர்ப்பில் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழில் உண்டு. தென்னிலங்கையில் ஒரு பழைய குடும்பம் மெல்லத் தளர்வதைச் சொல்லும் அந்நாவலை வாசித்தபோது, அதுவரை செய்தித்தாளில் மட்டுமே அறிந்திருந்த ஒரு மக்களின் வீட்டுக்குள் முதன்முறையாக உட்கார்ந்தது போல எனக்கு இருந்தது.

மூன்றாவது மலையாளம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்தது. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். இந்த ஒரு நூலை மட்டும் தனியாக வாசிக்காமல், வீட்டில் யாருக்காவது உரக்க வாசித்துக் காட்டுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். நான் என் பெரியம்மாவுக்கு வாசித்தேன். தீவோரங்களில் மூழ்கிக் கடற்பாசி எடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்ளும் பழக்கத்தில், வீட்டில் சும்மா இருக்கும்போதும் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கரையிலிருக்கும் மனைவியின் கற்புதான் கடலுக்குப் போன கணவனைக் காக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் எழுந்து நிற்பது அந்த நாவல். அந்த இடம் வந்ததும் சுற்றிய முந்தானையை அவிழ்த்துவிட்டு, “நாங்களுந்தான் கடலுக்குள்ள இறங்குறோம், எங்களுக்காக எந்த ஆம்பளை கரையில நோன்பு இருக்கான்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, நாவலில் கடலுக்குப் போகும் கணவனான பழனி சுறாவோடு போராடும் கடைசிப் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நம்பிக்கையை மறுத்தபடியே கதைக்காக அழ முடியும் என்பதை அன்று நேரில் பார்த்தேன். ஆலப்புழைக் கரையில் பிறந்த ஒரு நூல் பாம்பனில் இப்படிக் கேள்வி கேட்கப்படும்போதுதான் வாசிப்பு முழுமை பெறுகிறது.

வங்கத்துக்கு அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்ட பறவையைத் தேடி’, தமிழில் சு. கிருஷ்ணமூர்த்தி. பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கக் கிராமத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்ததையும், அந்த வாழ்வு விரிசல் கண்டதையும் சொல்லும் இந்நாவலை, தொண்டியிலும் கீழக்கரையிலும் அண்டை வீட்டாராக வாழ்ந்து பழகிய நாம் சற்று நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்க முடியும். பெரிய நூல் என்பதால் இதற்குத் தடைக்காலத்தில் பாதியையாவது ஒதுக்குங்கள்.

உருதுவில் இரண்டு வழிகள் உள்ளன. நேரம் குறைவாக இருந்தால் மண்ட்டோவின் சிறுகதைகள். ‘டோபா டேக் சிங்’ ஒன்றை ஒரே அமர்வில் முடிக்கலாம். துணிவிருந்தால் குர்அதுல்ஐன் ஹைதரின் ‘அக்னி நதி’. மகத காலத்திலிருந்து பிரிவினைக்குப் பிந்தைய நாட்கள் வரை ஓடும் அந்நாவலில் கௌதம், சம்பா, கமால் என்ற பெயர்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு துண்டுத்தாளில் எந்தக் காலத்தில் யார் யார் என்று எழுதி நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாவிட்டால் நூறு பக்கத்துக்குள் வழி தவறிவிடும்.

நூல்களைத் தேடுவதற்கு முதலில் கிளை நூலகத்துக்குப் போங்கள். சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் பழைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அடித்தட்டில் தூசியோடு கிடக்கும். அங்கிருந்து நான் எடுத்து வந்த ஒரு நாவலில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை என்பதை முடிவுக்கு வந்த பிறகுதான் கண்டேன். அன்றிலிருந்து, வாங்கும்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுகிறேன். ஈழத்து நூல்களை ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். அச்சு நூல்களை உப்புக்காற்றிலிருந்து காப்பது தனி வேலை: கம்பிப்பின் அடித்த நூல்கள் ஓராண்டில் துருவேறித் தாளைத் தின்றுவிடும் என்பதால், பின்னைக் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள்; கடல் பார்த்த சன்னலோரத்தில் எந்த நூலையும் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மூலமொழி, முதலில் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகியவற்றை முதல் வரியில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை நாம் மறந்துவிடுவது பெரிய நன்றிகேடு. அதன்கீழ், நம் கரையிலும் வழங்கும் ஒரு சொல்லோ வழக்கமோ நூலில் வந்தால் அதைப் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள். 50 பக்கம் வரை போயும் ஒட்டாத நூலைக் குற்ற உணர்வின்றி மூடிவிட்டு, அதே மொழியில் வேறொன்றை எடுக்கலாம்.

நாட்டுப்படகுக் குடும்பங்களுக்குத் தடைக்காலக் கணக்கு பொருந்தாது. அவர்கள் படகு அப்போதும் கடலுக்குப் போகும். அவர்களுக்கு ஐப்பசியிலிருந்து தை வரை வாடை பலத்திருக்கும் நாட்களே கைகொடுக்கும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்ததும், படகை இழுத்துக் கட்டிவிட்டு, மின்சாரம் போவதற்குள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு, விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம்.