கிளினிக் தவறினால் முதலில் வீட்டைப் பாருங்கள்

சீனி வருத்தக்காரர் கிளினிக்குக்கு வரவில்லையா? 'அக்கறையில்லை' என்று கொப்பியில் எழுதிவிடாதீர்கள். அன்று கூலிவேலை இருந்ததா, பஸ் எத்தனை மணிக்கு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். முல்லைத்தீவின் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் காலபோக நெல் அறுவடை நேரத்தில் ஒருநாள் கூலியை யார்தான் விடுவார்? கிளினிக்கில் திகதியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வெறும் தேத்தண்ணியோடு வயலுக்குப் போகிறவர் சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் குளிசையைப் போட்டால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கி வியர்க்கும், நடுங்கும்; பிறகு பயத்தில் குளிசையையே விட்டுவிடுவார். மடியில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும். 3 தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். மயங்கினவருக்கு வாயில் ஊற்றவே கூடாது, ஆஸ்பத்திரிதான்.

பிரிஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமணல், உள்ளே பொலித்தீனில் சுற்றிய இன்சுலின். நிழலில் வையுங்கள், தகரக் கூரைச் சூட்டில் மருந்து வலுவிழக்கும்.