வக்கீல் ஏமாத்திட்டா பார் கவுன்சில்ல புகார் குடுக்குறது எப்படி

வக்கீல்கிட்ட பீஸும் குடுத்து கேஸ் கட்டையும் குடுத்துட்டு "அடுத்த வாய்தா, அடுத்த வாய்தா"ன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருப்பாங்க, ஒருநாள் கோர்ட்ல நேரா போய் விசாரிச்சா கேஸே தாக்கல் ஆகலன்னு தெரியும், இல்லன்னா ஆள் வரலன்னு தள்ளுபடி ஆகி ஆறு மாசம் ஆச்சும்பாங்க. இப்படி ஆனவங்கள்ல பாதிப்பேர் "வக்கீல் மேல போய் யார்கிட்ட சொல்றது, எல்லாரும் ஒண்ணுதானே"ன்னு அப்படியே விட்டுடுறாங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. 1961ம் வருஷ வக்கீல்கள் சட்டத்துல 35வது பிரிவு இதுக்குன்னே இருக்கு, சாதாரண கட்சிக்காரர் எழுதிக் குடுக்குற புகார்லயே, வக்கீல்களை பதிவு பண்ணி அவங்க தப்பை விசாரிக்கிற அமைப்பான பார் கவுன்சில், வக்கீலோட பேரை ரோல்ல (வக்கீல்கள் பதிவேட்டுல) இருந்து எடுக்குற வரைக்கும் போகலாம்.

ஆனா புகாருக்கு முன்னாடி கேஸை காப்பாத்துங்க. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, கோவத்துல புகார் எழுதுறதுலயே மாசம் போயிடும், அதுக்குள்ள கேஸ்ல லிமிடேஷன், அதாவது சட்டம் குடுத்த கெடு, முடிஞ்சிரும். முதல்ல கோர்ட் கேஸ் விவரம் பாக்குற ஈகோர்ட்ஸ் ஆப்ல கேஸ் நம்பரையோ ஒவ்வொரு கேஸுக்கும் தனியா இருக்குற 16 இலக்க சிஎன்ஆர் நம்பரையோ போட்டு பாருங்க, ஒவ்வொரு வாய்தா தேதியும் அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் வரிசையா வரும், அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பின்னாடி புகாருக்கும் அதுதான் உயிர். சிவில் கேஸ் நீங்க போட்டு ஆள் வராம தள்ளுபடி ஆகியிருந்தா திரும்ப எடுக்க 30 நாள்தான் டைம், உங்க மேல எக்ஸ்பார்ட்டி டிகிரி (நீங்க வராததால ஒருதலையா குடுத்த தீர்ப்பு) ஆகியிருந்தா அதை ரத்து பண்ண சொல்லி மனு போடவும் அதே 30 நாள். தாண்டிடுச்சுன்னா தாமதத்தை மன்னிக்க சொல்லி கூடவே ஒரு மனு போடணும், அதுல வக்கீல் பண்ணுன வேலைய தேதியோட சொல்லலாம். வக்கீலோட தப்புக்கு ஒண்ணும் தெரியாத கட்சிக்காரர் பலி ஆகக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1981லயே சொல்லியிருக்கு, ஆனா அதை நம்பி இன்னும் லேட் பண்ணாதீங்க, இப்பல்லாம் ஏன் நீங்களும் விசாரிக்காம இருந்தீங்கன்னு கோர்ட் கேக்குது.

அடுத்தது வக்கீல் மாத்துறது. பழைய வக்கீல் நோ அப்ஜெக்‌ஷன் (வேற வக்கீல் வைக்க ஆட்சேபணை இல்லன்னு எழுத்து) குடுக்க மாட்டேங்குறார்னு வருஷக்கணக்கா காத்திருக்காதீங்க, வக்காலத்தை (அவர் உங்களுக்காக ஆஜராக நீங்க கையெழுத்து போட்ட பத்திரம்) ரத்து பண்ண கோர்ட்ல அனுமதி கேட்டு மனு போடலாம், அது உங்க உரிமை. கட்டை திருப்பித் தர மாட்டேன், பாக்கி பீஸ் வைன்னு சொன்னா அதுவே தப்பு. பீஸ் பாக்கிக்காக கட்சிக்காரரோட பேப்பரை பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமையே கிடையாதுன்னு 2000ம் வருஷம் ஆர்.டி. சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா தீர்ப்பு குடுத்திருக்கு. பீஸ் வேணும்னா அவர் தனியா கேஸ் போட்டு வாங்கிக்கலாம். எழுத்துல கேளுங்க, ரெஜிஸ்டர் தபால்ல அக்னாலட்ஜ்மென்ட்டோட அனுப்புங்க, வாய்ல கேட்டது எதுவும் பின்னாடி நிக்காது.

இப்ப எது மிஸ்கான்டக்ட் (தண்டிக்கக்கூடிய தொழில் ஒழுங்கீனம்), எது இல்லைங்குறத பார்ப்போம். கேஸ் தோத்துப் போனது மிஸ்கான்டக்ட் இல்ல. சரியா வாதாடல, குறுக்கு விசாரணைல ஒரு கேள்விய விட்டுட்டார், இதெல்லாமும் தனியா நிக்காது, நல்லெண்ணத்தோட பண்ணுன தப்புக்கு எந்த வக்கீலையும் தண்டிக்க மாட்டாங்க, அது நியாயமும் கூட. நிக்கிறது எதுன்னா, காசு வாங்கிட்டு கேஸே போடாம போட்டுட்டேன்னு பொய் சொல்றது, விபத்து நஷ்டஈடு மாதிரி உங்களுக்கு வந்த பணத்தை வாங்கி சொல்லாம வச்சுக்கிறது, கணக்கு கேட்டா குடுக்காதது, வர்ற பணத்துல இவ்ளோ பங்குன்னு பீஸ் பேசுறது, உங்களுக்கு ஆஜராகிட்டு அதே விஷயத்துல எதிர்த்தரப்புக்கும் போறது, கேஸ்ல இருக்குற சொத்தையே தான் வாங்குறது, கையெழுத்தை போர்ஜரி பண்றது. இதுல பலதும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகள்ல வக்கீலோட கடமைகள்னு எழுதியே இருக்கு. இதுக்கு நம்மூர்லயே ஒரு பழைய வழக்கு உண்டு, காது கேக்காத எழுபது வயசு பெரியவரும் அவர் மனைவியும் புரோநோட்டுக்கு கேஸ் போட சொல்லி மெட்ராஸ் வக்கீல் ஒருத்தர்கிட்ட காசு குடுத்தாங்க, அவர் போடவே இல்ல, ஆனா போட்டாச்சுன்னு நம்ப வச்சார். மாநில பார் கவுன்சில் 6 வருஷம் சஸ்பெண்ட் பண்ணுச்சு, மேல போய் 1 வருஷமா குறைஞ்சது, 1978ல சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வக்கீலை இலவச சட்ட உதவி வேலை பார்க்க சொன்னார். எனக்கு இந்தக் குறைப்பு அவ்வளவு ஒத்துக்கல, அந்த வயசான ரெண்டு பேரு இழந்த காலத்துக்கு அது ஈடே இல்ல, ஆனா தப்பு தப்புதான்னு கடைசி வரைக்கும் எல்லா இடத்துலயும் நின்னுச்சு, அது முக்கியம்.

புகார் எங்க குடுக்கணும்னா, அவர் எந்த மாநிலத்துல வக்கீலா என்ரோல் (பதிவு) ஆகியிருக்காரோ அந்த பார் கவுன்சில்ல. தமிழ்நாடு, புதுச்சேரிக்கு ஒரே பார் கவுன்சில், சென்னை ஹைகோர்ட் வளாகத்துல இருக்கு. உங்க ஊர் கோர்ட்ல இருக்குற பார் அசோசியேஷன் வேற, அது வக்கீல்கள் சங்கம், சமாதானம் பேசி வைக்கலாமே தவிர யாரையும் சஸ்பெண்ட் பண்ற அதிகாரம் அதுக்கு இல்ல. வக்கீலோட என்ரோல்மென்ட் நம்பர் பெரும்பாலும் வக்காலத்துலயே இருக்கும், எம்எஸ்னு ஆரம்பிச்சு நம்பரும் வருஷமும் வரும், அதை புகார்ல போடுங்க. அப்படி ஒரு நம்பரே ரோல்ல இல்லன்னா அவர் வக்கீலே கிடையாது, அப்ப நேரா போலீஸ்தான், அந்த 1961ம் வருஷ வக்கீல்கள் சட்டத்தோட 45வது பிரிவுல அதுக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு.

புகார் வெறும் லெட்டர் மாதிரி இருக்கக்கூடாது, மனு மாதிரி இருக்கணும், கையெழுத்து போட்டு, சொன்னதெல்லாம் உண்மைன்னு கடைசில வெரிஃபிகேஷன் எழுதணும். பீஸ் எவ்ளோ, எத்தனை காப்பின்னு ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுட்டு போங்க. எழுதும்போது "அவர் அயோக்கியன், என் வாழ்க்கையையே கெடுத்துட்டார்"னு பக்கம் பக்கமா எழுதாதீங்க, வலி எனக்கும் புரியுது, ஆனா அந்தப் பக்கங்களை யாரும் படிக்க மாட்டாங்க. இப்படி எழுதுங்க: "14.3.2022 அன்று கேஸ் போட 25,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன், ஆவணம் 1. 6.6.2022 அன்று கேஸ் போட்டாச்சு என்று வாட்ஸ்அப்பில் சொன்னார், ஆவணம் 2. 10.1.2023 வரை அப்படி எந்த கேஸும் தாக்கல் ஆகவில்லை என்று கோர்ட்டில் தெரிந்துகொண்டேன், ஆவணம் 3." மூணே வரி, அவர் பதில் சொல்ல முடியாத மூணு வரி. ரொக்கமா குடுத்து ரசீது இல்லன்னா அன்னைக்கு பேங்க்ல எடுத்த என்ட்ரி, கூட வந்தவங்களோட அபிடவிட், "பணம் கெடைச்சுது"ன்னு அவர் போட்ட மெசேஜ், எது இருந்தாலும் வைங்க. வாட்ஸ்அப் பிரிண்ட் வச்சா பாரதிய சாக்‌ஷ்ய சட்டம் (புது சாட்சியச் சட்டம்) 63வது பிரிவுல மின்னணு ஆதாரத்துக்கு கேக்குற சர்டிஃபிகேட்டும் கூட வச்சிடுங்க, பழைய சாட்சியச் சட்டத்தோட 65பி தான் அது. போனை மாத்திடாதீங்க, சேட்டை அழிச்சிடாதீங்க. ஒரிஜினலை குடுக்காதீங்க, நகல் மட்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் மேல கோவத்துல புகார் போடுறவங்களும் இருக்காங்க. அவர் அவரோட கட்சிக்காரருக்காக உங்களுக்கு எதிரா வாதாடுனது குத்தம் ஆகாது, 2025ல இப்படி ஒரு புகாரை எடுத்த மகாராஷ்டிரா பார் கவுன்சிலுக்கே சுப்ரீம் கோர்ட் அபராதம் போட்டுச்சு.

புகார் போனதும் வக்கீல்கிட்ட பதில் கேப்பாங்க, முகாந்திரம் இருக்குன்னு கவுன்சிலுக்கு தோணுனா மூணு பேர் இருக்குற ஒழுங்கு நடவடிக்கை கமிட்டிக்கு போகும். அந்த கமிட்டிக்கு சம்மன் அனுப்ப, சாட்சிய சத்தியம் பண்ண வச்சு விசாரிக்க, ஆவணம் கேக்க சிவில் கோர்ட் மாதிரி அதிகாரம் இருக்கு, அதனால உங்களையும் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க, தயாரா போங்க, தேதி தவறாம போங்க. ஒருத்தரோட பிழைப்பையே பறிக்கிற விஷயங்குறதால ஆதாரம் பலமா இருந்தாதான் குத்தம் நிரூபணம் ஆகும். முடிவு நாலுல ஒண்ணு, புகார் தள்ளுபடி, கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்கு சஸ்பெண்ட், இல்ல ரோல்ல இருந்து பேரை நீக்குறது. நடுவுல வக்கீல் தரப்புல இருந்து "காசை திருப்பித் தர்றேன், வாபஸ் வாங்கிக்கோ"ன்னு தூது வரும், கண்டிப்பா வரும். காசு வந்தா வாங்குங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க வாபஸ் வாங்குனதாலயோ சமாதானம் ஆனதாலயோ மட்டும் நடவடிக்கைய கைவிடக்கூடாதுன்னு விதி இருக்கு, அதனால "புகாரை நான் முடிச்சு வைக்கிறேன்"னு எழுதிக் குடுத்து மாட்டிக்காதீங்க.

பார் கவுன்சில் உங்க நஷ்டத்தை வசூல் பண்ணித் தர்ற இடம் இல்ல. பணத்துக்கு தனியா சிவில் கேஸ் போடணும், மோசடி, நம்பிக்கை துரோகம் இருந்தா போலீஸ்ல பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 318, 316 பிரிவுகள்ல புகார் குடுக்கலாம், ரெண்டும் பார் கவுன்சில் புகாரோட சேர்ந்தே நடக்கலாம். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு மட்டும் போகாதீங்க, 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வராதுன்னு சொல்லிடுச்சு, இன்னும் சில பேர் அங்க போக சொல்லி காசு வாங்குறாங்க.

புகார் குடுத்த தேதிய சீலோட வாங்கி பத்திரமா வைங்க, ஏன்னா வக்கீல்கள் சட்டத்தோட 36பி பிரிவுப்படி 1 வருஷத்துக்குள்ள மாநில கமிட்டி முடிக்கணும், முடிக்கலன்னா விசாரணை டெல்லில இருக்குற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு மாறிடும். இந்தக் கெடுவை கறாரா கடைப்பிடிக்கணும்னு 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லுச்சு. வருஷம் தாண்டியும் சத்தம் இல்லன்னா அந்த சீல் தேதிய காட்டி ரெண்டு இடத்துக்கும் எழுதுங்க. உத்தரவு உங்களுக்கு எதிரா வந்தா அது கைக்கு வந்த நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுல அப்பீல், அங்கயும் சரியில்லன்னா இன்னொரு 60 நாளுக்குள்ள சுப்ரீம் கோர்ட், அதனால உத்தரவு வந்த தபால் கவரை கூட தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்குற போஸ்ட் ஆபீஸ் முத்திரைதான் என்னைக்கு வந்துச்சுன்னு காட்டும்.