படமெடுக்கும் செயற்கைக்கோளுக்குச் சுற்றுப்பாதை தேர்ந்தெடுப்பது எப்படி?

உயரத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றதை அதற்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். எவ்வளவு சிறிய பொருள் தெரிய வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வெளிச்சத்தில்: இந்த மூன்றையும் எண்களாக எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரே பகுதியை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டுமானால் 35,786 கி.மீ. உயரத்துப் புவிநிலைப் பாதைதான். துருவங்கள் அதன் கண்ணுக்கு எட்டாது.

நிலத்தைப் படமெடுக்கச் சூரிய ஒத்திசைவுப் பாதை வேண்டும். ஓர் இடத்தைச் செயற்கைக்கோள் எப்போதும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில் கடப்பதால், இந்த மாதப் படத்தையும் சென்ற மாதப் படத்தையும் நம்பி ஒப்பிடலாம். நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 8 நிலநடுக்கோட்டைக் காலை 10 மணியை ஒட்டிக் கடக்கிறது. காலை நேரம் ஏனென்றால், பல இடங்களில் பிற்பகலில்தான் மேகம் திரளும். ரேடாருக்கு வெளிச்சம் வேண்டாம். அதற்கு விடியல்-அந்தி எல்லையோரம் (பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி) செல்லும் பாதை நல்லது: ஆண்டின் பெரும்பகுதி பூமியின் நிழலில் விழாது, பேட்டரியைச் சிறிதாக்கலாம்.

இனி உயரம். 700 கி.மீ.யில் 7 மீட்டர் பிக்சல் தரும் அதே கேமரா 500 கி.மீ.யில் 5 மீட்டர் தரும். ஆனால் 400 கி.மீ.க்கு இறங்கினால் காற்றின் இழுவை, உந்துவிசை இல்லாத சிறு செயற்கைக்கோளை ஓரிரு ஆண்டுக்குள் வீழ்த்திவிடும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். 800 கி.மீ.யில் விட்டாலோ, நூறாண்டுக்கு மேல் குப்பையாகச் சுற்றும். பணி முடிந்த 5 ஆண்டுக்குள் அகற்ற வேண்டும் என்று அமெரிக்கா 2022இல் விதித்ததையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் சுற்று எண்ணிக்கையில் இருக்கிறது. சுமார் 565 கி.மீ.யில் நாளுக்குச் சரியாக 15 சுற்று வரும். கேட்க அழகு, ஆனால் தினமும் தரையில் அதே 15 தடங்களுக்கு மேலேதான் செல்லும். 100 கி.மீ. அகலம் பார்க்கும் கேமராவுக்கு நிலநடுக்கோட்டின் 40,075 கி.மீ.யில் பகல் தடங்களில் 1,500 மட்டுமே கிடைக்கும்; மீதி ஒருநாளும் தெரியாது. உயரத்தைச் சற்று மாற்றித் தடங்களை நகரவிடுங்கள்.

சூரிய ஒத்திசைவு கிடைக்க 500 கி.மீ.யில் பாதையின் சாய்வு, அதாவது நிலநடுக்கோட்டுத் தளத்தோடு அது ஆக்கும் கோணம், 97.4 பாகை இருக்க வேண்டும். ராக்கெட் 0.1 பாகை பிசகி விட்டால் கடக்கும் நேரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 19 நிமிடம் நழுவும். திருத்த விநாடிக்குச் சுமார் 13 மீட்டர் வேக மாற்றம் தேவை. அதற்கான எரிபொருளை முதலிலேயே ஒதுக்குங்கள்.

பிறர் ராக்கெட்டில் இடம்பிடித்துச் செல்வதானால் பாதையை அவர்களே தீர்மானிப்பார்கள். அப்போது 500 முதல் 600 கி.மீ. வரை எங்கே இறக்கிவிட்டாலும் கேமராவின் வரிவாசிப்பு வேகத்தை (படத்தை வரிவரியாகப் பதியும் வேகத்தை) அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று வடிவமைப்பின்போதே சோதித்துவிடுங்கள்.