தலவாக்கலையிலிருந்து பத்தனை வரை: ஒருநாள் நடையில் இரண்டு நீர்வீழ்ச்சிகளைப் படம் எடுப்பது எப்படி?

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சென்கிளேயர், டெவோன் என்ற இரண்டு அருவிகளையும் வீதியோரத்தில் வானை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதே வீதியில் ஒரு முழுநாளைச் செலவழித்துப் பாருங்கள். தலவாக்கலையிலிருந்து ஹட்டன் பக்கமாக ஏறத்தாழ 3 கிலோமீற்றரில் சென்கிளேயர், 6 கிலோமீற்றர் அளவில் டெவோன். நடக்கும் தூரம் குறைவு, நின்று பார்க்கும் நேரம்தான் அதிகம். கமரா புதிதாக வாங்கியவர்களுக்கும் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் நீர்வீழ்ச்சிப் படம் பழக இதைவிட நல்ல வழி மலையகத்தில் எனக்குத் தெரியவில்லை.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தண்ணீர் நிறைய வரும், பனிமூட்டமும் சேர்ந்தே வரும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் அருவி மெலிந்துவிடும். என்னைக் கேட்டால், மழைக்காலத்தில் இரண்டு நாள் மழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத மப்பான நாள்தான் சிறந்தது. வெயிலில் வெள்ளைத் தண்ணீர் பளீரென்று வெளிறிப்போகும், பக்கத்துப் பாறை கறுத்துப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கஷ்டம். மப்பில் அந்தத் தொல்லை இல்லை, தேயிலையின் பச்சையும் அப்போதுதான் ஆழமாக வரும்.

சென்கிளேயர் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை, இந்த அருவிக்கு மேலே தலவாக்கலையில்தான் இருக்கிறது. கொத்மலை ஓயாவின் தண்ணீரைச் சுரங்கவழியே மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அருவி வறண்டுவிடாமல் இருக்க, பகல் வேளையில் ஓர் அளவு தண்ணீரைத் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. அதனால் இருட்டோடு போய் அங்கே காத்திருக்க வேண்டாம், நன்றாக விடிந்த பிறகு போனால் போதும். கடும் மழையில் வான்கதவுகளைத் திறந்தால் அருவி அகலமாகப் பெருக்கெடுக்கும். பார்க்கக் கண் போதாது, ஆனால் ஆற்றில் எந்த நேரமும் தண்ணீர் ஏறலாம். படத்துக்காக ஆற்றுப் பாறைகளுக்கு இறங்கவே இறங்காதீர்கள். இந்த நடையில் எடுக்க வேண்டிய எல்லாப் படத்தையும் வீதியிலிருந்தே எடுக்கலாம்.

2. பையை நிரப்புங்கள்

நீர்வீழ்ச்சி என்றதும் பலர் அகன்ற கோண லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இங்கே அருவி இருப்பது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். அகன்ற லென்ஸில் 97 மீற்றர் டெவோன்கூட ஒரு வெள்ளைக் கீறலாகத்தான் தெரியும். தூரத்தை அருகே இழுக்கும் 70–200 மி.மீ. போன்ற ஒரு லென்ஸ் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். போனில் 2 மடங்கு, 3 மடங்கு என்று தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

அப்புறம் முக்காலி, போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் பில்டர்), ஒரு என்.டி. பில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), இரண்டு பருத்தித் துணி, குடை. மழைக்கோட்டு உங்களைத்தான் காக்கும், லென்ஸைக் காப்பது குடை. புல்லில் கால் வைப்பதாக இருந்தால் அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

3. கமராவைத் தயார் செய்யுங்கள்

ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் எண் (லென்ஸின் துவார அளவு, எண் ஏறினால் துவாரம் சிறுக்கும்) 11. மப்பான பகலில் இந்த அளவுகளுக்கு ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், ஏறத்தாழ 1/30 செக்கன் வரும். இந்த நேரம் கூடக் கூட விழும் தண்ணீர் மென்மையாக வழிவதுபோல் பதியும். ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்.டி. பில்டரைப் போட்டால் 1/4 செக்கன். அறுபத்து நான்கில் ஒன்றாகக் குறைப்பதைப் போட்டால் 2 செக்கன். இந்த மூன்று வேகங்களும் கையில் இருந்தால் நாள் முழுதும் வேலை செய்யலாம். எஃப் 22 வரை மூடி வேகத்தைக் குறைக்கலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் படத்தின் கூர்மை போய்விடும்.

சுற்றிலும் இருண்ட காடும் பாறையும் இருப்பதால் கமரா ஏமாந்து படத்தை வெளிச்சமாக்கிவிடும், தண்ணீர் வெறும் வெள்ளையாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 அல்லது 1 குறைத்து வையுங்கள். கமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரோ வடிவில் எடுங்கள். முக்காலியில் ஏற்றியதும் லென்ஸின் அசைவுத் தடுப்பை நிறுத்திவிட்டு, 2 செக்கன் டைமரில் எடுங்கள்.

ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு ‘லாங் எக்ஸ்போஷர்’ என்பதைத் தெரிவு செய்தால் தண்ணீர் வழியும். அன்ட்ரொயிட் போன்களில் புரோ மோடில் ஷட்டரைக் குறைக்கலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் எஃப் எண்ணை மாற்ற முடியாது. வெளிச்சம் ஏறிவிட்டால் படம் வெளிறும், ஆகவே காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

4. சென்கிளேயர்

பெரிய அருவி 80 மீற்றர் உயரம், அதன் கீழேயே சின்னது ஒன்று. உயரத்தைவிட அகலம்தான் இதற்கு அழகு. பாறையில் படிப்படியாக விழுந்து பல இழைகளாகப் பிரியும். அந்த இழைகள் படத்தில் தெரிய வேண்டும். முதலில் பில்டர் இல்லாமல் ஒன்று, 1/4 செக்கனில் ஒன்று, 2 செக்கனில் ஒன்று என்று மூன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 2 செக்கனில் வேட்டி காயப்போட்டதுபோல் ஒரே வெள்ளையாகி இருந்தால், தண்ணீரின் பாரம் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே நான் பெரும்பாலும் அரைச் செக்கனுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். காலடியில் ஓடும் ஓடை 1/8 செக்கனிலேயே வழிந்துவிடும். பள்ளத்தாக்குக்கு அப்பால் விழும் தண்ணீர் படத்துக்குள் நகரும் இடம் கொஞ்சம்தான், அதற்குக் கூடுதல் நேரம் தேவை. புத்தகத்தில் படித்த ஒரே எண்ணை எல்லா அருவிக்கும் போடுவது இதனால்தான் பலிக்காது.

முக்காலியை வீதி ஓரத்து வேலியில் சாய்க்காதீர்கள். பஸ் கடக்கும்போது நிலமே லேசாக அதிரும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பாறை விளிம்பு இரட்டிப்பாகத் தெரியும். வாகனம் போய்ச் சத்தம் அடங்கியபின் அழுத்துங்கள். வளைவுகளில் வெள்ளைக் கோட்டுக்குள் நிற்கவே கூடாது.

5. இடைவழி

தேயிலைச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களை முன்னால் வைத்து, பின்னால் அருவியை வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். கமராவை இறக்கிவிட்டு, “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்களுடைய நாட்சம்பளம் நிறுக்கும் கொழுந்தைப் பொறுத்தது. இடுப்பில் படங்கை (தடித்த துணியை) கட்டிக்கொண்டு ஈரச் சரிவில் நிற்பவரை “கொஞ்சம் சிரிங்க, இந்தப் பக்கம் திரும்புங்க” என்று வேலை கெடுப்பது அநியாயம். சம்மதித்தாலும் அவர் பறித்துக்கொண்டிருக்கும்போதே எடுங்கள், அந்தக் கைகளின் வேகம்தான் படம். தேயிலைச் செடிகளுக்குள் புகாதீர்கள்.

6. டெவோன்

கோப்பித் தோட்டக்காரரான ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கிய அருவி. சென்கிளேயருக்கு நேர்மாறானது, ஒடுங்கி உயர்ந்து, அடுக்கடுக்காக விழும். கமராவை நிமிர்த்திப் பிடியுங்கள். அருவியை நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கம் ஒதுக்கி, கீழே தண்ணீர் ஓடிப்போக இடம் விடுங்கள். மேலே வெளிறிய வானம் வந்தால் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

போலரைசரை இங்கே மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஈரப்பாறையின் மினுக்கம் மறைந்து, இலைகளின் நிறம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். பிற்பகலில் பனிமூட்டம் மூடினால் கிளம்பிவிடாதீர்கள். அது விலகும்போது அருவியின் மேல்பாதி மட்டும் சிறிது நேரம் தெரியும். அந்த நேரத்துக்காகக் கமராவை முக்காலியிலேயே விட்டு, துணியால் மூடி வையுங்கள்.

7. திரும்பிய பிறகு

நடை முடியும் பத்தனையில் ஹட்டன் பக்கமும் தலவாக்கலை பக்கமும் பஸ் பிடிக்கலாம். அறைக்கு வந்ததும் நனைந்த பையை மூடிவைக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். லென்ஸ், பில்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து இரவு முழுதும் காற்றாட வையுங்கள், பையையும் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். படங்களை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.