பிள்ளைகளின் கணினியைக் கண்காணிக்கப் போய்ப் பெற்றோர் செய்யும் தவறுகள்

மே, ஜூன் வந்தால் எங்கள் சர்வீஸ் கடையில் ஒரே கோரிக்கைதான். மகனுக்கோ மகளுக்கோ காலேஜில் இடம் கிடைத்திருக்கும், கையோடு புது லேப்டாப் வாங்கியிருப்பார்கள். "தம்பி, இதுல என்ன பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியணும், ஏதாவது போட்டுக் குடுங்க" என்பார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும் இரண்டாவது கேள்வி கேட்காமல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நாங்கள் செய்ததும் இதுதான். அதையும், வீட்டுக் கணினிகளில் நான் அடிக்கடி பார்க்கும் மற்ற தவறுகளையும் இங்கே சொல்கிறேன். 123456 என்று பாஸ்வேர்டு வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாருக்கும் ஒரே லாகின்

விண்டோஸில் ஒரே கணக்கு, க்ரோமில் அப்பாவின் ஜிமெயில், சேமித்ததையெல்லாம் மற்றக் கணினிகளுக்கும் கொண்டுபோகும் சிங்க் ஆன். முக்கால்வாசி வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன். பிராஜெக்ட் ஃபைலை எடுக்கப் பையன் காலேஜ் லேபில் அதே ஜிமெயிலைப் போட்டு, சிங்க்குக்கும் சரி என்று அழுத்திவிட்டால், க்ரோமில் அப்பா சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளெல்லாம் அந்த லேப் கணினிக்கும் வந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு போடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை பெற்றோர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் யூசர் போதும். சில நிமிட வேலைதான்.

வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தபடி விட்டுப் போவது

எழுந்திருக்கும் முன் லாக் அவுட். உங்கள் வாட்ஸ்அப் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டும், போனிலுள்ள 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலையும் அடிக்கடி பாருங்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் போடும் ஸ்பை சாஃப்ட்வேர்

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரவைக்கும் தவறு இது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "அண்ணா, ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபேன் நிக்கவே மாட்டேங்குது." வைரஸாக இருக்கும் என்று, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரைத் திறந்தால் ஒரு எச்சரிக்கையும் இல்லை. எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலுக்குப் போனேன். அங்கே 'புரோகிராம் டேட்டா'வுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர், விண்டோஸின் சொந்தக் கோப்பு மாதிரி ஒரு பெயருடன். இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று டிஃபெண்டரிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாக ஸ்கிரீன்ஷாட்கள், கூடவே ஒரு கீலாகர். கீபோர்டில் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்வது.

வேறொரு இடத்தில் சொல்லி அப்பாதான் போட்டிருக்கிறார். மறுநாள் அவரே வந்தார். அவர் மாதச் சந்தா கட்டிவந்த கண்காணிப்புப் பக்கத்தை என் முன்னாலேயே திறக்கச் சொன்னேன். மகளின் காலேஜ் மெயில்களுக்கு நடுவே அவருடைய நெட் பேங்கிங் யூசர் ஐடி, பாஸ்வேர்டு, பான் எண் எல்லாம் வரிசையாக நின்றன. வருமான வரி ரிட்டர்ன் போட அவர் உட்கார்ந்தது அந்த லேப்டாப்பில்தான். அடிப்பது அப்பாவா மகளா என்று கீலாகருக்குத் தெரியாது. அத்தனையும் எங்கேயோ இருக்கும், முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் கிடந்தது.

அந்தக் கம்பெனிகளின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைக் கண்காணிக்க விற்கப்பட்ட டீன்சேஃப் என்ற அமெரிக்க ஆப்பின் சர்வர்கள் 2018-ல் பூட்டே இல்லாமல் திறந்து கிடந்தன. பிள்ளைகளின் ஆப்பிள் ஐடியும் பாஸ்வேர்டும் அப்படியே படிக்கும்படி இருந்தன. அந்த ஆப் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு கட்டச் சரிபார்ப்பை வேறு நிறுத்தி வைக்க வேண்டும். அதே ஆண்டு ஃபேமிலி ஆர்பிட் என்ற இன்னொரு கம்பெனியிடமிருந்து 281 ஜிபி அளவுக்குப் பிள்ளைகளின் படங்களும் வீடியோக்களும் வெளியே தெரிந்தன. ஸ்பைஃபோன் என்ற ஆப்பை 2021-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே இந்தத் தொழிலை விட்டு விலக்கி, ரகசியமாகச் சேர்த்த தகவல்களையெல்லாம் அழிக்கச் சொன்னது.

போனில் போட்டால் ஆபத்து இன்னும் கூடுதல். கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்டை அணை, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்பை அனுமதி, திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் அக்சசிபிலிட்டி உரிமை கொடு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். டிராஃபிக் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் மோசடி ஏபிகே (ஆப் நிறுவும் கோப்பு) கேட்பதும் இதே மாதிரி அனுமதிகளைத்தான். கண்காணிப்புக்காக நீங்கள் திறந்து வைத்த கதவு அந்த மோசடிக்காரனுக்கும் திறந்தேதான் இருக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. 18 வயது முடிந்த மகள், மனைவி, கணவர் யாராக இருந்தாலும், அவருடைய கருவிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் வரலாம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பணத்தையும் சட்டத்தையும் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. யாரோ ஒருவன் படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டினால், அன்றைக்கு அந்தப் பெண் முதலில் ஓடிவர வேண்டியது அப்பாவிடம். தன் ஒவ்வொரு எழுத்தையும் ஒளிந்திருந்து படித்தவரிடம் எப்படி வருவாள்? அப்படி ஒன்று நடந்தால் பயப்படாமல் cybercrime.gov.in-ல் புகார் செய்யலாம், பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கலாம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். எந்த ஸ்பை ஆப்பும் இதைச் செய்யாது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். கூகுள் ஃபேமிலி லிங்க், மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இரண்டும் இலவசம், பிள்ளைக்குத் தெரிந்தே நடப்பவை. எவ்வளவு நேரம், எந்த ஆப் என்பதைப் பார்க்கலாம், நிறுத்தலாம். தனிப்பட்ட செய்திகளைப் படிக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் வெப் ஃபில்டர் எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும், மற்ற பிரவுசர்களைத் தடுத்துவிடும். க்ரோம் திறக்கவில்லை என்றால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

ரவுட்டரை மட்டும் நம்புவது

தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு டிஎன்எஸ். ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் கிளவுட்ஃப்ளேர் கம்பெனியின் 1.1.1.3 போட்டால் ஆபாசத் தளங்களில் பெரும்பகுதி வராது. செலவும் இல்லை. ஆனால் பையன் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவைப் போட்டால் உங்கள் ரவுட்டருக்கு அங்கே வேலையே இல்லை. எட்டு வயதுக்கு இது போதும், பதினாறுக்குப் போதாது.

இன்காக்னிட்டோ இருந்தால் யாருக்கும் தெரியாது என்பது

பிரவுசரின் இந்தத் தனி விண்டோவில் பார்த்தது அந்தக் கணினியின் ஹிஸ்டரியில் இருக்காது, அவ்வளவுதான்.

படுக்கையறையைப் பார்க்கும் சிசிடிவி

கழற்றிவிடுங்கள். ஹாலில் இருக்கும் கேமராவுக்கும் கம்பெனியிலிருந்தே வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

பழைய கணினியை அப்படியே எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது

டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் அதை மீட்டெடுப்பது எங்கள் கடையிலேயே நடக்கும் வேலை. விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி'க்குப் போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' எடுத்து, அதற்குள் 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் ஓடும், சார்ஜரைப் போட்டுவிட்டு இரவில் ஆரம்பியுங்கள். கணினியே ஆன் ஆகவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.